பன்னிரண்டாவது அங்கிள்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் குழாயடியில் தொடங்கி சாயங்காலம் வரை என்னை எத்தனை பேர் 'அங்கிள்' என்று கூப்பிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர்.

சயான் ஸ்டேஷன் படியில் என்னை இடித்துவிட்டு ஓடிய பெண் கூப்பிட்டாள். போன் கவர் விற்கிறவர் கூப்பிட்டார். அவருக்கு என்னைவிட இரண்டு வயதாவது கூட இருக்கும். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே "அங்கிள், தோடா சைட்" என்று நகரச் சொன்னார்.

கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. கல்யாணமாகாத ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு பம்பாய் கொடுத்திருக்கிற ஒரே பட்டம் இது. வேண்டாம் என்று யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

பன்னிரண்டாவது ஆள் சாயங்காலம் வந்தாள். தாராவியில் நான் தோல் வெட்டுகிற பேக் பட்டறை மாடியில் இருக்கிறது. இரும்பு ஏணி. அதில் பாதி ஏறி, தலையை மட்டும் நீட்டி, "அங்கிள்..." என்றாள் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அட்டை.

"கடை கீழே இருக்கும்மா. இங்கே விற்கிறதில்லை" என்றேன், நிமிராமல்.

"பேக் வேணாம் அங்கிள். நான் பிராச்சி. ரத்னாவோட பொண்ணு. டோம்பிவிலிலேர்ந்து வர்றேன்."

கத்தரியைக் கீழே வைத்தேன். ரத்னா என் அக்கா. இருபத்தேழு வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இந்தப் பெண்ணை நான் அன்றுதான் பார்க்கிறேன்.

"நெக்ஸ்ட் வீக் சண்டே எனக்கு ஷாதி. பப்பா சைட்ல ஒரு ரூல் இருக்கு. பொண்ணை மாமாதான் மண்டபத்துல கூட்டிட்டு வரணும். பின்னாடி நிக்கணும். மாமா இல்லன்னா ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தரை நிக்க வெச்சுக்கலாம்னு பப்பா சொல்றாரு. அம்மா ஒண்ணும் சொல்லல. பேச்சு வந்தா கிச்சனுக்குள்ள போயிடுறா. நான் இங்க வந்தது அவளுக்கு மாலூம் இல்ல. வருவீங்களா அங்கிள்?"

"நான் உனக்கு மாமாம்மா" என்றேன்.

"தெரியும். அப்படிக் கூப்பிட்டா நீங்க கோச்சுக்குவீங்களோன்னு..."

"பார்க்கிறேன்" என்றேன். அவள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பது நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் போனில் தேடி, தமிழுக்கு மாற்றிப் படிப்பது என் பழக்கம். மறுநாள் 'அங்கிள்' போட்டேன்.

அப்பாவின் தம்பி, அம்மாவின் அண்ணன், அத்தை புருஷன், சித்தி புருஷன்... எல்லோரும் அங்கிள். இது தெரிந்ததுதான். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அடகுக் கடைக்காரரையும் அங்கிள் என்பார்களாம். அமெரிக்காவில் பிள்ளைகள் கட்டிப் புரளும்போது அடியில் மாட்டிக்கொண்டவன் 'அங்கிள்' என்று கத்தினால், தோற்றுவிட்டேன், விடு என்று அர்த்தமாம். ஒரு வார்த்தைக்கு எத்தனை வேலை பாருங்கள்!

கடைசியில் அது பிறந்த கதை இருந்தது. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல். மூலம் லத்தீன். அந்த லத்தீனில் அப்பாவோடு பிறந்தவனுக்கு வேறு பெயர். இது அம்மாவோடு பிறந்தவனுக்கு மட்டும் உள்ள பெயர். பிரித்துப் பார்த்தால் 'குட்டித் தாத்தா' என்று வருமாம்.

அதாவது, தாய்மாமன்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இங்கிலீஷ்காரர்கள் எல்லோரையும் ஒரே பெயரில் அடக்கியது ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அங்கிள் என்று கூப்பிட்டால் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டால் போதும். மாமா என்று கூப்பிட்டால்? போக வேண்டும். எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். பத்துப் பேர் பார்ப்பார்கள்.

அக்கா தன்னோடு வேலை பார்த்த மராட்டிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா அவளை வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது அப்பாவின் கோபம். எனக்கு அவள்மீது ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. போய்ப் பார்க்கத்தான் நினைத்தேன். முதல் வருடம், வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வருடம், ஏன் போன வருடம் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இப்படியே இருபத்தேழு வருடம் போய்விட்டது.

அப்பா இறந்த அன்று அவள் வந்தாள். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்து முனையில், ஒரு தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பார்த்தேன். என்னைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'அக்கா' என்று சத்தமாகக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்புவார்கள். அந்தக் கூச்சம் என் வாயை மூடிவிட்டது. மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது டிரம் மட்டும் இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பட்டறையில் ஜிப் தைக்கிற அந்தோணியிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். என்னைவிடச் சின்னவன், நாசரேத் பக்கத்து ஆள். மிஷினை நிறுத்தாமலே கேட்டான்.

"யோவ், மாமனா நிக்கதுக்குப் பரீட்சையா எழுதச் சொல்லுதாவ? பின்னால நிக்கணும், அம்புட்டுதான? ஆயுசு பூரா நீரு பின்னாலதான நிக்கீரு!"

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். டோம்பிவிலி ஸ்டேஷனில் இறங்கி, திரும்பிப் போகிற வண்டி எப்போது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மண்டபத்தில் கடைசி வரிசை, ஓர நாற்காலி. கையிலிருந்த புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் மாமாவுக்குக் கட்டுகிற ஆரஞ்சுத் தலைப்பாகையோடு தயாராக நின்றார். அந்த ஆபீஸ் நண்பராக இருக்கும். பிறகென்ன, நான் எதற்கு?

மைக்கில் புரோகிதர் குருஜியின் குரல் கேட்டது: "நவரீசே மாமா குடே ஆஹேத்?" பெண்ணின் மாமா எங்கே என்கிறார். ஆபீஸ் நண்பர் கையைத் தூக்கினார்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பச்சைப் புடவையில் ஒரு பெண்மணி மேடைப் படியில் அப்படியே நின்றுவிட்டார். முடி பாதி நரைத்திருந்தது. அக்காதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம்கூடத் தேவைப்படவில்லை. நேராக அந்த நண்பரிடம் போனாள். அவர் தலையில் இருந்த தலைப்பாகையை இரண்டு கையாலும் கழற்றினாள். அவர் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து அதை என் தலையில் வைத்து அழுத்தினாள்.

"தலைய நிமிருலே" என்றாள். அவ்வளவுதான்.

பிராச்சியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. என்னுடையதும்தான். மந்திரம் முடிகிற வரை அவள் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கொண்டைப் பூ மட்டும். எல்லோரும் தூவிய அட்சதையில் பாதி என் சட்டைக்குள் போனது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன். "அக்கா, அப்பா போன அன்னிக்கு... சந்து முனையில..."

"தெரியும். நீ பாத்தத நானும் பாத்தேன்."

இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிறகு என் இலையில் ஒரு பூரியை எடுத்து வைத்தாள்.

"அதுக்கு ஒன்ன ஒரு நா நல்லா ஏசணும். இன்னைக்கு நேரமில்ல. தீவாளிக்கு இவளுக்கு மாமன் சீல எடுக்கணும். நாளப்பின்ன பிரசவம்னா ஆஸ்பத்திரிக்கு நீதான் சோறு கொண்டுட்டுப் போணும், எனக்குப் படி ஏற முடியாது. சின்னவனுக்கும் பொண்ணு பாக்கோம், அங்கயும் நீதான் நிக்கணும். வர்ற ஞாயித்துக்கெழம வா, பேசுவோம்."

ஓய்வு தேடுகிற வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை.