வசந்தா கேட்ட தண்ணீர்

அரியூர் சம்மந்தம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவன். முப்பத்தெட்டு வயதில்தான் டவுனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கூண்டில் உமி மாற்ற வேண்டும், தீனி போட வேண்டும், தண்ணீர் பாட்டிலைக் கழுவி நிரப்பி மாட்ட வேண்டும். எலிகள் மேல் அவனுக்கு ஒரு வாஞ்சை வந்துவிட்டது. குட்டி போட்ட எலியின் கூண்டுப் பக்கம் தும்மக்கூட மாட்டான்.

1987 சித்திரையில் ஒருநாள் டாக்டர் விசாலாட்சி வந்து, “சம்மந்தம், இந்தப் பன்னெண்டு கூண்டுல மட்டும் மூணு நாளைக்குத் தண்ணி பாட்டிலை எடுத்துடுங்க. தீனி எப்பவும்போல இருக்கட்டும்” என்றார்.

எடுத்தான். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எலிகள் தீனியைத் தொடவில்லை. பாட்டில் மாட்டியிருந்த இடத்துக் கம்பியையே நக்கிக்கொண்டிருந்தன. சம்மந்தத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

“என்ன, உடம்பு சரியில்லையா?” என்றார் அந்தப் பக்கம் வந்த டாக்டர்.

“இன்னாத்துக்கும்மா இது? பாவமில்லியா?”

வேறொருவராக இருந்தால் அதட்டிவிட்டுப் போயிருப்பார். விசாலாட்சி நின்று பதில் சொன்னார். “உடம்புல தண்ணி குறைஞ்சா மூளைக்குத் தெரிஞ்சுடும். மூளையோட அடியில சின்னதா ஒரு இடத்துல ஒரு ஹார்மோன் உண்டாகுது. அது ரத்தத்தோட சிறுநீரகத்துக்குப் போயி, இருக்கற தண்ணியை வெளிய விடாதேன்னு சொல்லும். அந்த ஹார்மோனை எப்படிச் செய்யறதுன்னு செல்லுக்குள்ள ஜீன்ல எழுதியிருக்கு. உடம்பு காயக் காய, மூளை அந்த எழுத்தை நகல் எடுத்துகிட்டே இருக்கும். நிறைய நகல் இருந்தா நிறைய ஹார்மோன். எவ்வளவு நகல் எடுக்குதுன்னுதான் அளக்கப் போறோம்.”

“மனுசாளுக்கும் அப்படித்தானாம்மா?”

“அப்படித்தான்.”

“நாலு வயசுப் புள்ளைக்கு?”

“குழந்தைக்கும்தான்.”

“அப்பவும் தண்ணியே வரலன்னா?”

“கடைசிவரைக்கும் போராடும். ஆனா இருக்கறதைப் புடிச்சு வைக்கத்தான் அதால முடியும். புதுசா ஒரு சொட்டு உண்டாக்க முடியாது. வெளியிலேர்ந்து யாராவது குடுக்கணும்.”

“பேதியாவற புள்ளைக்குத் தண்ணி குடுக்கலாமா?”

“குடுத்தே ஆகணும். உப்பும் சர்க்கரையும் கலந்து குடுத்துகிட்டே இருந்தா முக்கால்வாசிப் புள்ளைங்க பொழைச்சுக்கும்.”

அவருக்கு வசந்தாவைப் பற்றித் தெரியாது.

வசந்தா அவனுடைய ஒரே மகள். எழுபத்தொன்றில் ஒரு காலைப்பொழுதில் வாந்தியும் பேதியுமாகப் பிடுங்கிக்கொண்டு போனது. குடித்தால் இன்னும் போகும், வயிறு காய்ந்தால்தான் நிற்கும் என்று ஊரே சொன்னது, அவனும் நம்பினான். “நைனா, தண்ணி. நைனா, தண்ணி” என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். மனைவி தையலம்மாள் மனசு கேளாமல் ஒரு டம்ளரில் மொண்டு வந்தாள். அதை அவன்தான் பிடுங்கி வாசலில் ஊற்றினான். குடத்தையும் தூக்கி வெளியே வைத்தான். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதபோது கண்ணீர் வரவில்லை. வண்டி கட்டி வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மடியிலேயே அடங்கிவிட்டாள். அப்புறம் அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு சைக்கிளில் வீடு வந்தான். தையலம்மாள் முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தான்.

“தையலு, நாமதான்டி கொன்னுட்டோம். இல்ல, நான்தான். தண்ணி குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளாம்.”

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும் மாமா.”

“இன்னாடி சொல்ற?”

“ஊசி போட வர்ற நர்சம்மா உப்பு சர்க்கரைப் பாக்கெட்டு குடுத்துச்சில்ல, அப்பவே சொல்லுச்சி. பத்து வருசம் ஆவுது.”

“பத்து வருசமா எனக்குச் சோறு போட்டுகினு இருந்தியா?”

“ஒரு வருசம் உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. எங்க அம்மா வூட்டுக்குப் போயிடலாமான்னு இருந்திச்சி.” கையிலிருந்த மல்லாட்டை நழுவி விழுந்தது. “அப்புறம் ரோசன பண்ணேன். நீ டம்ளரத்தான புடுங்கின? என் கையைக் கட்டியா போட்ட? குடம் வெளியதான இருந்திச்சி. நீ வண்டி புடிக்கப் போனப்ப நான் தனியாத்தான இருந்தேன்? நானும்தான குடுக்கல.”

முறத்தைத் தள்ளிவிட்டு அவன் அவள் காலடியில் தலையை வைத்தான். பதினாறு வருடத்து அழுகையை இரண்டு பேரும் அந்த மத்தியானத்தில் அழுதார்கள்.

மறுநாளும் வேலைக்குப் போனான். பாட்டிலை மாட்டிவிடக் கை துடித்தது, மாட்டவில்லை. மூன்றாம் நாள் கணக்கு முடிந்ததும் பன்னிரண்டு கூண்டுகளையும் டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, தோட்ட வேலைக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டான். ஏன் என்று கேட்டார். சொன்னான்.

விசாலாட்சி கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ஊர்ல யாருக்குமே தெரியாது, சம்மந்தம்” என்றார்.

“புள்ளைக்குத் தெரிஞ்சிருந்துச்சிம்மா. கேட்டுகினேதான இருந்தா” என்றான் அவன்.