சாப்பாட்டுக் கூடத்துக்குக் கீழே வாய்க்கால்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வடிகால் வாய்க்கால் ஓடுகிறது. மேற்கே வயல்களில் மிஞ்சுகிற தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. நானும் கணவரும் வீடு கட்ட வரைபடம் கொடுத்தபோது, அந்த வாய்க்காலைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளம் வருகிற பகுதி, கரையிலிருந்து இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும், விதி அப்படி என்றார்கள். சரி என்று ஓர் அறையையே விட்டுவிட்டோம். மாமனாருக்கென்று நினைத்திருந்த அறை அது. அவர் கடைசிவரை ஹாலில் கட்டில் போட்டுத்தான் படுத்தார். எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள் நான். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

சில வருடம் கழித்து, எங்களுக்குச் சற்றுக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டு வயலை ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் வாங்கினார். கல்யாண மண்டபம் கட்டினார். சாலையிலிருந்து அங்கே போக வாய்க்காலின் மேல் பாலம் வேண்டும் என்று அனுமதி வாங்கினார். பாலம் வந்தது. வண்டி திரும்ப இடம் போதவில்லை என்று அதை அகலப்படுத்தினார். பிறகு கார் நிறுத்துவதற்காக இன்னும் கொஞ்சம். ஒரு கோடை விடுமுறை முடிவதற்குள் அவருடைய மனை நீளத்துக்கு வாய்க்காலே கண்ணில் படவில்லை. மேலே கான்கிரீட், அதற்கு மேல் தகரக் கூரை, உள்ளே வரிசையாகச் சாப்பாட்டு மேஜைகள்.

மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிய அதே அதிகாரிதான் இருந்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சர், அது கட்டடம் இல்லீங்க. பாலம்."

"பாலத்து மேல உக்காந்து ஊரே சாப்பிடுதுங்களே சார்?"

"பாலத்துல சாப்பிடக்கூடாதுன்னு ரூல்ஸ் எதுவும் இல்லீங்களே."

பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். அவர்கள் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் துளை வழியாகக் கறுப்பாகக் கொப்பளித்து மேலே வந்தது. கழிவுத் தொட்டி நிரம்பியிருந்தது. கொல்லைக் கதவின் அடியில் மண்டபத்து எச்சில் இலைகளும் பிளாஸ்டிக் டம்ளர்களும் மிதந்து வந்து ஒட்டிக்கொண்டன. வடிய வழியில்லாமல் வாய்க்கால் எங்கள் பக்கமே திரும்பியிருந்தது. அரிசி மூட்டையின் அடிப்பாகம் நனைந்து ஊறியது. அந்த நாற்றம் எதிலும் சேராத நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் கையில் இருந்தது.

மாலையில் டிராக்டரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். முகாம் எங்கே என்று கேட்டேன்.

"மண்டபத்துலதாங்க டீச்சர். அதான் மேடா இருக்கு."

வெள்ளை வேட்டியில் மண்டபக்காரரே வாசலில் நின்று வரவேற்றார். "நம்ம மண்டபம் இருக்கறப்ப நீங்கள்லாம் ஏங்க கஷ்டப்படணும்?" என்றார். என் பக்கத்து வீட்டு அம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஒருவர் அதை போனில் படம் எடுத்தார்.

என் கணவருக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் அவரோடு நானும் உட்கார்ந்தேன். காலுக்கு அடியில் கான்கிரீட்டைத் தண்ணீர் முட்டி முட்டி அடிப்பது தெரிந்தது. மண்டபக்காரரே வாளியோடு வந்து சாம்பார் ஊற்றினார்.

"சாப்பிடுங்க டீச்சர். கோவத்தச் சோத்து மேல காட்டாதீங்க."

மனு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் பசித்தது. சாம்பார் ருசியாகவும் இருந்தது.

மறுநாள் காலை மேற்கத்தி விவசாயிகள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய சம்பா பயிர் மூழ்கிக் கிடந்தது. குத்தகைக்கு நிலம் பார்க்கிற ஒருவர் கையில் கடப்பாரையோடு முன்னால் நின்றார். எல்லோரும் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜேசிபி வராமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் வண்டி வந்து, சாப்பாட்டுக் கூடத்துத் தரையை இரண்டு இடத்தில் உடைத்து, அடியில் அடைத்துக் கிடந்த குப்பையை வாரிப் போட்டது. மதியத்துக்குள் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்தது. முகாமில் இருந்த அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். இனி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

வீட்டைக் கழுவி முடித்ததும், கான்கிரீட் முழுவதையும் எடுக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதி வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா பேனாவைத் தொடவே இல்லை.

"அவரு சோறு போட்டாருங்களே டீச்சர். எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?"

"நம்ம வீட்டுக்குள்ள மலத்தண்ணி வந்ததும் அவராலதாங்க."

"அது மழையால வந்ததுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டில் தை மாதக் கல்யாணத்துக்கு அந்த மண்டபத்தைப் பேசியிருந்தார்கள். தெருவிலேயே நானும் கணவரும் மட்டும் கையெழுத்துப் போட்டோம். பொங்கலுக்கு முன்னால் உடைத்த இடத்தில் புதுக் கான்கிரீட் போட்டார்கள், முன்னைவிடக் கனமாக. எதிர்வீட்டுக் கல்யாணம் அதன் மேல்தான் நடந்தது. நான் போகவில்லை. அதற்கப்புறம் அவர்கள் என்னோடு பேசுவதில்லை.

பேச வந்தவர் அந்தக் குத்தகைக்காரர் மட்டும்தான். இருவரும் சேர்ந்து வழக்குப் போட்டோம். முதல் நாளே மண்டபக்காரரின் வக்கீல் எழுந்து, அந்த இடத்தில் வாய்க்கால் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, இருந்தால் வாதிகள் நிரூபிக்கட்டும் என்றார். எங்களிடம் ரூல்ஸ் பேசிய அதிகாரியும் அங்கே இருந்தார். அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வாய்தா போட்டார்கள்.

வெளியே வந்ததும் குத்தகைக்காரர் காறித் துப்பினார்.

"அப்ப எம் பயிரு மேல நின்னது என்னங்க டீச்சர்? கானலா?"

அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம்.

அடுத்த வாய்தா மழைக்காலத்தில் விழுந்திருக்கிறது. இந்தத் தடவை தண்ணீர் வந்தால் மொட்டைமாடியில் தகரம் போட்டு அங்கேயே இருந்துகொள்வோம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். தகரம் போடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டுமாம்.