கேட்கப் பயந்த கேள்வி

1946-ம் வருஷம். மழை ஓய்ந்து பெங்களூரில் குளிர் இறங்கத் தொடங்கியிருந்த சமயம். நான் அப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா அம்மாவோடு இருந்தேன். கண்டோன்மெண்டில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். போர் முடிந்ததை ஊரெல்லாம் கொண்டாடித் தீர்த்திருந்தது. ஆனால் போரில் மாட்டிக்கொண்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். சிப்பாய்கள் முதலில் வந்தார்கள். அவர்களோடு வெளிநாடு போயிருந்த சில குடும்பங்கள், கப்பலில் இடம் கிடைத்து, பின்னால் வந்தன.

எங்கள் சர்ச்சுப் பெண்கள் சிலர் சேர்ந்து அந்தக் குடும்பங்களுக்கு ஒத்தாசை செய்துவந்தோம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவோம். ராணுவ லைன் வீட்டைக் காட்டுவோம். ரேஷன் கார்டுக்கு அலைவோம். குழாயில் எப்போது தண்ணீர் வரும், விறகு எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொடுப்போம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்போம். ஒரு வீட்டில் அடுப்பு பற்றிக்கொண்டுவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அப்படித்தான் ஒரு ஹவில்தார் வீட்டுக்கு நான் போனேன். அவர் வடாற்காடு பக்கத்துக்காரர். ராணுவ ஸ்டோர்ஸில் வேலை. போருக்கு முன்பே சிங்கப்பூருக்கு மாற்றலாகி, மனைவியையும் அழைத்துப் போயிருந்தார். ஜப்பான்காரர்கள் வந்து சேர்ந்தபோது அந்த அம்மாவுக்கு நிறைமாதம். கப்பல் ஏற முடியவில்லை. ஹவில்தாரைக் கைதியாகப் பிடித்து ஏதோ ஒரு தூரத்துத் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தை பிறந்தபோது அவர் அங்கே இல்லை. பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது. உயிரோடு திரும்பி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு பெங்களூரில் மறுபடியும் வேலையில் சேர்ந்திருந்தார். மனைவியும் குழந்தையும் கப்பலில் வருகிறார்கள் என்ற தகவல் மட்டும் ஆபீஸ் மூலமாக வந்திருந்தது.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். இஸ்திரி போட்ட காக்கி உடுப்பு அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. காய்ச்சலில் அடிபட்ட மஞ்சள் முகம். கையில் சின்ன மரக்குதிரைப் பொம்மை ஒன்று. மதராஸ் வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

அந்த அம்மா ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினாள். பின்னால் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. நாலு வயது இருக்கும். வட்ட முகம், மஞ்சள் வெளுப்பு, நேராக விழுந்த கறுப்பு முடி, சிறிய கண்கள். பார்த்தவுடன் யாருக்கும் புரிந்துவிடும், அது சீனக் குழந்தை. ஆனால் அது வாயைத் திறந்ததும் நான் திகைத்துப்போனேன். வடாற்காட்டுத் தமிழ் அப்படியே வந்தது.

"யம்மா, குளிருதும்மா. அந்த ஆளா அப்பா?"

அவர் காதிலும் அது விழுந்தது. நடந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழந்தையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த மரக்குதிரையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "ஜட்கா வண்டி கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அத்தனை வருஷம் கழித்துப் பார்த்த மனைவியிடம் அவர் பேசிய வார்த்தை அவ்வளவுதான்.

ஜட்காவில் அவர் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்; குழந்தை அவர் உடுப்பைப் பார்க்காமல் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அல்சூர் பக்கத்து லைன் வீட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, டியூட்டி இருக்கிறது என்று அவர் போனார். மறுநாள் நான் போனபோது அவர் வீட்டுக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. சிப்பாய்கள் தங்கும் பாரக்ஸிலேயே படுத்துக்கொண்டாராம். அரிசியும் கேழ்வரகும் யார் மூலமாகவோ அனுப்பியிருந்தார். தானாக வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

லைனில் பேச்சு கிளம்ப அது போதாதா? குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் நான் வருவதைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"மொகத்த பாத்தியா? ஜப்பான்காரன் புள்ளதான். அவரு எப்டி வூட்டுக்கு வருவாரு?" என்றாள் ஒருத்தி.

"பிடு அக்கா, நமக்கேன் அந்த மாத்து" என்று இன்னொருத்தி, விடு, நமக்கேன் அந்தப் பேச்சு என்ற அர்த்தத்தில், கன்னடம் கலந்து அடக்கினாள். ஆனால் அவளே தன் பிள்ளையை அந்தக் குழந்தையின் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர் இருந்தார். நல்லவர். விஷயத்தைக் கேட்டதும், கன்னியர் மடத்தில் அநாதைக் குழந்தைகளை வளர்க்கிறார்கள், அங்கே சேர்த்துவிட்டால் புருஷன் மனசு ஆறும், குடும்பமும் பிழைக்கும், பக்குவமாகப் பேசிப் பார் என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அந்த மனிதர் சந்தேகப்படுகிறார், கோபத்தில் இருக்கிறார் என்பதில் எனக்கும் ஒரு துளி ஐயம் இல்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு போனேன். குழந்தை அதற்குள் சுருண்டு படுத்து உடனே தூங்கிப்போனது. மடத்தைப் பற்றி நான் மெதுவாக ஆரம்பித்தேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, இவ அம்மா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

பிறகு அவளே சொன்னாள். அழாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். பக்கத்து வீட்டில் ஒரு சீனத் தையற்காரர் குடும்பம். அவர் மனைவிக்கும் அப்போதுதான் பிரசவமாகியிருந்தது. ஊர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனபின் இவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அந்தச் சீனத்திதான் இவளுக்குக் கஞ்சி ஊற்றினாள். தன் பெண்ணை ஒரு மார்பிலும் இவள் மகனை மறு மார்பிலும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். ஒருநாள் தையற்காரரை விசாரணைக்கென்று லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. தேடிப் போன அவர் மனைவியும் திரும்பவில்லை. போகும்போது தன் பெண்ணை இவள் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"எம்புள்ளக்கி அவ பால் குடுத்தா. அவ புள்ளக்கி நான் குடுத்தேன்" என்றாள். கம்பளியை இழுத்துக் குழந்தையின் காலை மூடினாள். "பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே எம்புள்ள பேதியில போயிட்டான். இவதான் என் மடியில நின்னா. இவள எங்க கொண்டு போயி விடச் சொல்றீங்க?"

இதையெல்லாம் அவரிடம் சொல்லக்கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டாதானே சொல்லுவேன்? கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டாரே. நாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல இவள கூட்டிக்கினு எங்க அம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். நீங்க ஒண்ணும் அவருகிட்ட சொல்லக்கூடாது. நான் சொல்ல வேண்டியத நீங்க சொன்னா அது அசிங்கம்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் என் கால்கள் ஸ்டோர்ஸ் பக்கம் போய்விட்டன. விஷயத்தைச் சொல்லப் போகவில்லை. அவரை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்ற ஆத்திரம்தான். ஸ்டோர்ஸ் வாசலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். டிபன் கேரியரைத் திறந்து வைத்தபடி சாப்பிடாமல் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உங்க மனைவியை இப்படிச் சந்தேகப்பட்டு ஒதுக்கறது நியாயமா?" என்றேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

"சந்தேகமா? அவளையா?" என்றார். "அவ அப்பிடி நெனச்சிக்கினு இருக்காளா?"

அவர் மெல்ல மரத்தில் சாய்ந்துகொண்டார். தீவில் இருந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தபோது, இன்றைக்குக் குழந்தை குப்புற விழுந்திருக்கும், இன்றைக்கு நடந்திருக்கும், இன்றைக்கு அம்மா என்று சொல்லியிருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் உயிரைப் பிடித்துவைத்திருந்தாராம்.

"ஸ்டேஷன்ல அந்தப் பொண்ண பாத்த ஒடனே புரிஞ்சிடுச்சி டீச்சரம்மா. இது யாரோ பெத்த புள்ள. அப்ப எம்புள்ள எங்க? வூட்டுக்குப் போனா கேக்கணும். கேட்டா அவ சொல்லுவா. அவ சொல்லாத வரைக்கும் அது எங்கியோ உயிரோடதான் இருக்கு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் முகத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவர் தலை மெதுவாகக் குனிந்தது. கேட்க வேண்டிய கேள்விக்கு அந்த மரத்தடியிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அவங்க அதை இத்தனை நாளும் தனியாச் சுமந்திருக்காங்க. நீங்க போய்க் கேட்டாத்தான் இறக்கி வைக்க முடியும்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். நான் குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டேன். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி மட்டும் வாசல்வரை கேட்டது. "பேரு வெச்சியா?" அந்த அம்மாவின் பதில் காதில் விழவில்லை. ஆனால் பிறகு, அந்த ஒடிந்த மனிதர் வாய்விட்டு அழுத சத்தம் லைன் முழுக்கக் கேட்டது. கூடவே அவள் குரலும். குழாயடியில் பேச்சு நின்றுபோனது. தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன பெண் குடத்தை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அவர் வாசலுக்கு வந்தார். அவரைக் கண்டதும் குழந்தை வீலென்று கத்தி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. உடுப்புப் போட்டவர்கள் வீடு புகுந்து ஆளைப் பிடித்துப் போவதைப் பார்த்து வளர்ந்த குழந்தை.

"அவளுக்கு உங்க மேல பயமில்ல. அந்தக் காக்கிய கண்டாதான்" என்றாள் பின்னால் வந்து நின்ற அந்த அம்மா.

அவர் மறுபேச்சில்லாமல் உள்ளே போனார். வேட்டியும் பனியனுமாகத் திரும்பி வந்து, அந்தக் குளிரில், குழந்தையிடமிருந்து சற்றுத் தள்ளி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. மரக்குதிரையைத் தனக்கும் குழந்தைக்கும் நடுவில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கும்வரை அப்படியே இருந்தார். கடைசியில் குழந்தைதான் என் பின்னாலிருந்து வந்து, "உனக்குக் குளிரலியா?" என்று கேட்டது.

அவள் அந்த வருஷமே என் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்க வந்தவர், அப்பா பெயர் என்ன என்று கேட்டபோது, தயங்காமல் தன் பெயரைச் சொன்னார். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் ஸ்டோர்ஸிலேயே உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார் என்று பிற்பாடு அந்த அம்மா சொன்னாள். பிறகு அவர்களுக்கு ஒரு மகனும் பிறந்தான். பெரியவள் படித்து, நர்ஸாகி, கல்யாணமாகிப் போனாள். அப்பா காலமானபோது தலைமாட்டில் உட்கார்ந்து வடாற்காட்டுத் தமிழில் அவள் ஒப்பாரி வைத்ததை நானே பார்த்தேன்.

குழாயடிப் பெண்கள், எங்கள் மூத்த அம்மா, கட்டிய மனைவி, படித்த நான், அத்தனை பேரும் அந்த மனிதரின் மௌனத்தைக் கோபம் என்றுதான் படித்தோம். அது துக்கம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் போனால், அதற்கு நானாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்ள இன்றுவரை எனக்குத் துணிச்சல் வருவதில்லை.