எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள்

கார் ரேடியோ விற்கிறவனுக்கு உலகத்திலேயே பயங்கரமான சத்தம், வாங்க வந்தவர் எஞ்சினைக் கிளப்புகிற சத்தம்தான். கடையில் நின்று ஒரு பொருளையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும்.

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பூந்தமல்லியில் கிராமபோனும் ரேடியோவும் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. முதலாளி ஒரு நாள் ஆசைப்பட்டு, மோட்டார் காரில் பொருத்துகிற ரேடியோ ஒன்றைக் கொண்டு வந்து நடு அலமாரியில் வைத்தார். எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை அவரிடம் யார் சொல்வது? "தை மாசத்துக்குள்ள இந்தப் பொட்டி போவணும். இல்லாங்காட்டி நீ போ" என்று சொல்லிவிட்டார். தை மாதம்தான் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ரேடியோக் கடையில் உத்தியோகம் என்பதற்காகவே கள்ளிக்குப்பத்தில் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பளக் கச்சேரி

முதலில் வந்தவர் அம்பத்தூர் அரிசி மில்காரர். கடை வாசலில் நின்ற அவர் காரிலேயே பெட்டியைப் பொருத்தி, சாயங்கால நிகழ்ச்சியைத் திருப்பி வைத்தேன். நாதஸ்வரம் கணீரென்று வந்தது. மில்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் மனசுக்குள் பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டேன்.

"வண்டி ஓடச்சொல்லோவும் இப்டியே பாடுமா?" என்று கேட்டுக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார். எஞ்சினுக்குள் தெறிக்கிற நெருப்புப் பொறியெல்லாம் ரேடியோவில் சடசடவென்று வந்து விழும். இந்தச் சாமானுக்குப் பிறவியிலேயே வந்த வியாதி அது. அந்தச் சத்தத்தை அடக்கவென்று எஞ்சினில் மாட்டுகிற மூடிகளையெல்லாம் ஏற்கெனவே மாட்டியிருந்தேன். சத்தம் குறைந்ததே தவிரப் போகவில்லை. அவர் எஞ்சினை நிறுத்தினார், கிளப்பினார், மறுபடியும் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இன்னா தம்பி, நாயனம் வாசிக்கிற எடத்துலயே அப்பளமும் பொரிக்கிறாங்களா?"

டிரைவருக்கு வந்த சங்கீத ஞானம்

சேக்காட்டில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். விவரமானவர். "ஓடும்போது எனக்குப் பாட்டு வேணாம், நிக்கும்போது கேட்டுக்கறேன்" என்று பெட்டியைப் பொருத்திக்கொண்டு போனார். முதலாளி எனக்குத் தன் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுத்தார். அன்று மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

அந்த வாரமே டாக்டர் பெட்டியோடு திரும்பி வந்தார். அவர் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் டிரைவர் காரில் சாய்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறான். எஞ்சின் நிற்கும்போது ரேடியோ குடிப்பது பாட்டரியைத்தான். அடுத்த ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று ஆள் ஓடி வந்தபோது கார் அசையவே இல்லை. ஹாண்டில் போட்டுச் சுற்றியும் பலனில்லை. என் கல்யாணம் கிடக்கட்டும், ஓர் உயிர் அல்லவா? "தாயும் பிள்ளையும் எப்படிம்மா?" என்று கேட்டேன். டாக்டர் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் சௌக்கியம்ப்பா. நான் மாட்டு வண்டியில போய் எறங்கறதுக்குள்ள கொழந்தை பொறந்து, உன் ரேடியோவைவிடத் தெளிவா கத்திட்டிருந்துது."

மாமனார் வருகை

பெட்டி விற்றுப்போன சந்தோஷத்தில் கள்ளிக்குப்பத்துக்கும் சேதி சொல்லி அனுப்பியிருந்தேன். என் போதாத காலம், அது திரும்பி வந்த மறுநாளே வருங்கால மாமனார் டார்ச்லைட்டுக்கு செல் வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தார். முப்போகம் பார்த்த மனுஷன், கண் நேராக நடு அலமாரிக்குப் போனது.

"இத்த வித்துட்டேன்னு சொல்லி அனுப்சியே?" என்றார். "வித்தேன் மாமா... திரும்பி வந்துடுச்சு" என்றேன். முதலாளி காதில் விழுகிறதா என்று ஒரு பக்கம் பயம், இவர் என்ன நினைப்பாரோ என்று இன்னொரு பக்கம். அவர் செல்லை மடியில் கட்டிக்கொண்டு படி இறங்கினார். இறங்கினவர் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பொட்டி ரிட்டன் வந்தா பரவால்ல மாப்ளே, எம் பொண்ணு ரிட்டன் வரக்கூடாது."

வைக்கோல் தின்னும் எஞ்சின்

மார்கழி கடைசி. பெட்டியைத் துடைப்பதையே நிறுத்தியிருந்தேன். ஒரு சாயங்காலம் வெள்ளானூர் பண்ணைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கி, "ஓடிக்கினு இருக்கச்சொல்லோ கேக்கணும். அத்தப் பாக்காம வாங்க மாட்டேன்" என்றார். இவருமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. விதியே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வந்து பார்த்தால், காரின் முன்னால் இரண்டு காளை மாடுகள்! யுத்தகால ரேஷனில் கொடுத்த பெட்ரோல் கூப்பன் போதாமல், எஞ்சினையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு நுகத்தடி கட்டியிருந்தார். அவசரம் அவசரமாகப் பெட்டியைப் பொருத்தி, பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. கடைத்தெருவின் கடைசிவரை நாதஸ்வரம் ஒரு பிசிறில்லாமல் வந்தது. பாட்டரி தீர்ந்தால் வண்டியை நிறுத்திவிடுமே என்ற கவலையும் இல்லை. எங்கள் கடையிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். மாட்டுக் கழுத்துச் சலங்கை மட்டும்தான் இடைஞ்சல். பண்ணைக்காரர் இறங்கி அதையும் அவிழ்த்து என் கையில் கொடுத்தார்: "நம்ம இன்ஜினு வைக்கோலு துன்னுது தம்பி, அது கத்தாது. நீ ரேடியோவ முடுக்கு!"

முதலாளியின் சந்தோஷம்

கையில் சலங்கையும் பெட்டி விற்ற பணமுமாகக் கடைக்குள் ஓடினேன். வேலை தங்கியது, பெண் தங்கியது, தையில் தாலி கட்டலாம். அதுவரை எப்போது சிரித்தேன் என்றே ஞாபகமில்லை, அன்றைக்குச் சிரித்தேன். முதலாளியும் எழுந்து வந்து தோளில் தட்டினார்: "சபாஷ்டா! மவுண்ட் ரோட்டுக் கடையில இதே மாதிரி ரெண்டு பொட்டி விக்காம தூங்குதாம், நாமே எட்த்துக்கிறோம்னு சொல்ட்டேன்."

ஆகவே, வாங்குகிறவர்கள் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டு வாங்குங்கள். என்னைப் போல் விற்கிறவர்கள், பக்கத்து ஊரில் எந்தக் காருக்கு எஞ்சின் இல்லை என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.