பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர்

காலை ஏழு மணிக்கு எங்கள் டிரைவர் ஜெயராஜ் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, நானா மௌத்தாயிட்டாராம். ளுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு சொல்றாங்க." எந்த நானா என்று நான் கேட்கவில்லை. யார் சொன்னது, சொன்னவர் நேரில் பார்த்தாரா என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டு நானா வீட்டுக்கே அழைத்தேன். அவருடைய மகள் எடுத்து, "ஓம், உண்மைதான். வாப்பா போயிட்டார்" என்றாள். அதன் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

எருக்கலம்பிட்டியில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருந்த சலீம் நானாவை அறிந்தவர்கள் மன்னார்த் தீவில் நிறையப் பேர். அவரோடு சண்டை பிடித்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவு பேர் இருப்பார்கள். கடையில் வாங்கிய புதுச் சாமானை நீட்டினால் பெட்டியைத் திறந்து மணந்து பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், பழையதற்குப் பக்கத்தில் வைத்து அளப்பார். "பெட்டியில ஆரும் எதையும் அச்சடிக்கலாம் புள்ள" என்பார். வாகனத்துக்கு என்ன வருத்தம் என்று நாம் விளக்கினால் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அது நீங்க சொல்றது. இனி இது என்ன சொல்லுது எண்டு பாப்பம்" என்று குனிந்துவிடுவார். சிலர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வேறு கராச்சுக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் நானும் சந்தேகப் பிராணி என்பதுதான். ஓலைத்தொடுவாயில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து கரையில் மீன் சேர்த்து அனுப்ப நடத்தும் வாடியை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. காலையில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளோடு முருங்கன் வரை போய்த் திரும்பும். ஓட்டுவது ஜெயராஜ். இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, பெற்றோரோடு திரும்பி வந்தவன். அவனுடைய பேச்சில் அக்கரை அப்படியே இருக்கும். அதனாலேயே ஊரில் சிலருக்கு அவன் எப்போதும் புதியவன்.

ஒரு வருடம் அந்தப் பிக்கப்பின் முன் பிரேக் பாட் தேய்ந்துகொண்டே இருந்தது. புதிதாகப் போட்டால் மூன்று மாதம் தாங்காது. முதல் தடவை உப்புக் காற்று என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை வாடிக் குடும்பங்களில் ஒருவரான பிரான்சிஸ் அண்ணன் என் காதில் ஒன்றைப் போட்டார். "பொடியன் பின்னேரத்தில ஆருக்கோ மண் ஏத்துறான் போல. மீனுக்கு ஓடுற வண்டி இப்பிடித் தேயுமே?" அன்று முதல் எனக்கு அமைதியில்லை. மீற்றரைக் குறித்து வைத்தேன். பிக்கப்பின் பின்தட்டு மூலைகளில் மண் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். இந்தத் தீவில் எந்த வாகனத்தின் மூலையில்தான் மண் இல்லை? இருந்தது. முருங்கனில் மீன் எடுப்பவரிடம், பொடியன் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று விசாரித்தேன். ஜெயராஜிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை.

சலீம் நானாவையும் நான் விட்டுவைக்கவில்லை. நான் வாங்கிக் கொடுக்கும் புது பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு பழையதைத் தீட்டிப் போடுகிறாரோ என்று ஓர் எண்ணம் வந்தது. மூன்றாம் தடவை வாங்கிய பாட்டுகளின் முதுகுத் தகட்டில் ஆணியால் பெருக்கல் குறி போலச் சிறிய புள்ளடி கீறிக் கொடுத்தேன். அவையும் தேய்ந்தன. கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். அவர் தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தப் புள்ளடி ஆர் போட்டது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் நானா."

"என்னைப் பாக்கவா?"

"ஓம்."

நாலு பாட்டையும் வரிசையாக வைத்து, நாலிலும் புள்ளடி இருக்கிறதா என்று அவரே பார்த்தார். "நல்ல வேலை. நான் எண்டாலும் இதைத்தான் செய்திருப்பன். இப்ப என்னில பிழை இல்லை எண்டு தெரிஞ்சுபோச்சு. அடுத்தது ஆர்?"

நான் ஜெயராஜ் நின்ற பக்கம் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை வாடிக் கூட்டம் இருந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்துவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இங்கே ஒரு டிரைவரைச் சந்தேகத்தில் நிறுத்தினால் தலைமன்னார் முதல் தள்ளாடி வரை ஒருவரும் வண்டித் திறப்பைக் கையில் கொடுக்கமாட்டார்கள். அவனுடைய மனைவி அப்போது ஏழு மாதம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையாட்டியிருந்தேன்.

"நாளைக்கு வண்டியைச் சும்மா கொண்டு வராதீங்க. பெட்டி, ஐஸ் எல்லாத்தோடயும் வாங்க" என்றார் நானா.

மறுநாள் காலை முருங்கனுக்குப் போகிற சுமையோடு மூவரும் முன்னால் நெருங்கி இருந்து பேசாலைப் பக்கம் போனோம். நானா சொன்ன இடங்களில் ஜெயராஜ் பிரேக் பிடித்தான். திரும்பி வந்ததும் நானா போத்தலைத் திறந்து முன் சக்கரத்து டிஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சீறி ஆவியாகிவிட்டது. பின்னால் போனார். பின் சக்கரத்து ட்ரம்மில் முதலில் புறங்கையை வைத்தார், பிறகு முழு உள்ளங்கையையும் வைத்து அப்படியே குந்தியிருந்தார்.

"வந்து கையை வைச்சுப் பாருங்க புள்ள."

பயந்து பயந்து வைத்தேன். வெயிலில் நிற்கிற எந்த இரும்பும் அதைவிடச் சூடாக இருக்கும்.

ட்ரம்மைக் கழற்றினார். உள்ளே பிரேக் சூக்கள் புதியவை போலத் தடிப்பாக இருந்தன. "இவ்வளவு நாளும் இது சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கு. முன்னுக்கு உள்ளவன் ரெண்டு பேர் வேலையையும் செய்து தேஞ்சிருக்கான்." பிறகு வண்டிக்கு அடியில் புகுந்தார். அங்கிருந்தே கேட்டார். "பின் ஸ்பிரிங்குக்கு ஆர் தகடு கூட்டினது?"

நானும் குனிந்து அடியில் பார்த்தேன்.

"நான்தான்" என்றேன். சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது என்று ஒரு வருடத்துக்கு முன் ஒரு தகடு கூடுதலாகப் போடுவித்தது நான்.

வெளியே வந்து, கையைத் துடைத்தபடி எனக்கு விளங்கும்படி சொன்னார். பின் அச்சில் ஒரு சிறு கம்பி பூட்டியிருக்கிறது. சுமை ஏறி உடம்பு தாழ்ந்தால் அந்தக் கம்பி ஒரு வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அமுக்கத்தைக் கூட்டும். வெறும் வண்டி என்றால் குறைக்கும். தகடு கூட்டியதால் எவ்வளவு ஏற்றினாலும் உடம்பு உயர்ந்தே நின்றது. எப்போதும் வெறுமையாகத்தான் ஓடுகிறோம் என்று வால்வு நினைத்துக்கொண்டது. முழுச் சுமையையும் முன் பிரேக் தனியாக நிறுத்தியது. "தகடு போட்டவன் இந்தக் கம்பியையும் திருத்தியிருக்க வேணும். பாலத்தில ஒரு மாடு குறுக்க வந்திருந்தா மூணு மாசக் கணக்கெல்லாம் பேசிக்கொண்டிருக்க மாட்டீங்க."

பிறகு அவர் ஜெயராஜின் பக்கம் திரும்பினார். "ஓட்டுறவன் நீ. உனக்கு ஒண்டும் தெரியல்லயா?"

"தகடு போட்ட வாரமே சொன்னேன் நானா. பிரேக் அடிச்சா மூக்கு முன்னாடி குத்துது, பின்னாடி பிடிக்கிற மாதிரியே இல்லன்னு." என்னைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அவன் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பிழையை வண்டி மேல் போடப் பார்க்கிறான் என்று அன்று எண்ணியிருந்தேன்.

நானா கம்பியைத் திருத்தி, புது பாட்டும் போட்டார். கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்லும்படி அவரை அழைத்தேன். மறுத்துவிட்டார். "நான் சொன்னா டிரைவருக்காகக் கதைக்கிறன் எண்டுவாங்க. தகடு போட்டது நீங்க. நீங்களே சொல்லுங்க." பிறகு, தேநீர் வந்தபோது, நான் கேட்காமலே, முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "எங்கட முழு ஊரையும் சந்தேகப்பட்டாங்க புள்ள. ஒரு பையோட வெளிக்கிட்டம். நீ என்ன செய்தாய் எண்டு என்னை ஒருத்தரும் கேக்கல்ல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பன்." இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர்.

சனிக்கிழமை நான் எழுந்து சொன்னேன். பிரான்சிஸ் அண்ணன் நம்பவில்லை. "நானாவும் பொடியனும் சேர்ந்து ஒரு கதை கட்டியிருக்கினம்" என்றார். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்று முடிவானது. மூன்று மாதம் போய், ஒன்பது மாதமும் போனது. பிரேக் பாட் பாதிக்கு மேல் தேயாமல் மிஞ்சியிருந்தது. அதைப் பார்க்க பிரான்சிஸ் அண்ணனே கராச்சுக்குப் போனார். விரலால் தடிப்பை அளந்து பார்த்துவிட்டு வந்தார்.

ஜெயராஜிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பல நாட்கள் எடுத்தன. ஒரு நாள் பெட்டி ஏற்றும்போது கேட்டேன். "விடுங்கக்கா. கேம்ப்ல அதிகாரி வந்தா வரிசையில நின்னு, நான் இங்கதான் இருக்கேன்னு காட்டணும். பழகிப்போச்சு" என்றான். பழகிப்போச்சு என்று அவன் சொன்னது, திட்டியிருந்தால் வலித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக வலித்தது.

எல்லாவற்றையும் சந்தேகித்த நானா தன்னுடைய நெஞ்சு நோவை மட்டும் சந்தேகிக்கவில்லை. வெறும் வாயு, காஸ் என்று சொல்லி, இரண்டு நாள் இஞ்சிக் கோப்பி குடித்திருக்கிறார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சற்று நேரத்தில் முடிந்துவிட்டது. மரண வீட்டில் பெண்களோடு இருந்தபோது ஒருவர், "பாவம், மனிசன் ஒருத்தரையும் நம்பமாட்டார்" என்றார். நான் அந்த இடத்தில் மறுத்துப் பேசவில்லை. இங்கே மறுக்கிறேன். அவர் கடைப் பெட்டியை நம்பமாட்டார், ஊர்க் கதையை நம்பமாட்டார். ஆனால் ஆளை நேரே பார்த்துக் கேட்பார். சொன்ன பதிலைக் கொண்டுபோய் வண்டியோடு ஒப்பிட்டும் பார்ப்பார்.

நான் இன்னமும் சந்தேகப் பிராணிதான். இந்த வயதில் அது போகாது. ஆனால் சந்தேகம் வந்தால் மற்றவர்களிடம் விசாரிக்கும் முன் உரியவருக்கு முன்னால் போய் நின்று கேட்கிறேன். சில தடவை வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். இரண்டு தடவை வாய்ச்சண்டையும் வந்தது. சலீம் நானாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பழக்கம் ஒன்றுதான். அதற்குப் பிறகு எங்கள் வாடியில் பதில் சொல்ல இடம் கிடைக்காமல் ஒருவரும் வெளியே போகவில்லை.