தணிகாசலத்தின் சாண இறக்குமதி

கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆரணியில் கொஞ்சம் நெல் வயலும் இரண்டு பசுக்களும் வைத்திருந்த தணிகாசலம், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். இலக்கு வைக்காமல் அவரால் பல்கூட விளக்க முடியாது. தன் கல்யாணத்திலேயே பந்திக்கு நேர இலக்கு வைத்தவர் அவர். தாலி கட்டும்போது சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி விவாதத்தில் யாரோ பேசினார். எரிபொருளுக்கு நாடு அடுத்தவரை நம்பி நிற்கக் கூடாது, அதற்கு ஆண்டு குறித்துத் தெளிவான இலக்கு வேண்டும் என்றார். தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. மனைவி ஈஸ்வரியைக் கூப்பிட்டார்.

"பொங்கலுக்குள்ள நம்ம ஊட்டுக்கு எரிசக்தி சுதந்திரம். சிலிண்டர் எப்ப வரும்னு இனிமே யாரையும் எதிர்பாத்துக்கினு நிக்கக் கூடாது."

"நாடு வாங்கட்டும். நமக்கு இன்னா அவசரம்?" என்றாள் அவள், வெங்காயம் அரிந்துகொண்டே.

"நாடுன்னா யாரு? நாமதான்."

கொல்லையில் சாண எரிவாயுக் கலன் எழுந்தது. ஆர்வத்தில் பெரிய அளவாகக் கட்டிவிட்டார். அடுப்பு எரிந்தது, ஆனால் சாம்பார் கொதிப்பதற்குள் அணைந்தது. இரண்டு பசுவின் சாணம் அதற்கு எந்த மூலைக்கு?

உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்க, வைக்கோலை அள்ளி அள்ளிப் போட்டார். பசுவின் பின்னால் வாளியோடு நின்று, "ஷிஃப்ட்டு முடியப் போவுது, இன்னா பண்ணிக்கினு கீற?" என்று ஆலையில் கேட்பதுபோலவே கேட்டார். பசு திரும்பிப் பார்த்துவிட்டு மூத்திரம் பெய்தது.

வேறு வழியில்லை. ஒரு தொழுவம் நிறைய மாடு வைத்திருந்த பக்கத்து வீட்டு வசந்தகுமாரிடம் போனார். அவன் முதல் வாரம் சிரித்த முகமாகக் கொடுத்தான். அடுத்த வாரம் தன் மதிப்பு அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, உங்க முருங்கைக் கிளை எங்க பக்கம் சாயுது."

கிளையை வெட்டினார்.

"உங்க சேவல் ரொம்ப சீக்கிரம் கூவுது, பேஜாரா இருக்குது."

சேவலைக் கூடைபோட்டு மூடினார். உள்ளே அது இன்னும் கோபமாகக் கூவியது.

"சிலிண்டர்க்காரனே தேவலை," என்றாள் ஈஸ்வரி. "அவன் சேவலைப் பத்திப் பேசமாட்டான்."

கடைசியில் அவளே வேலிப்பக்கம் போனாள். வசந்தகுமாரின் மனைவி மகளின் பிரசவத்துக்காகத் திருநின்றவூர் போயிருந்தாள். அவன் கடை இட்லியில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, தினம் காலையில நாஷ்டா எங்க ஊட்ல சாப்புடு. வரும்போது சாணியோட வா."

"சரி அண்ணி," என்றான். சேவலை மறந்தே போனான்.

பொங்கலன்று அந்த அடுப்பிலேயே பால் பொங்கியது. நீல நெருப்பைப் பார்த்துத் தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. இலக்கு நிறைவேறியதாக அங்கேயே அறிவித்தார். அடுத்தது வயல் மோட்டாருக்கு என்று ஆரம்பித்தவரின் கையில் ஈஸ்வரி கரண்டியைத் திணித்தாள்.

"அதெல்லாம் அப்புறம். தம்பிக்கு இன்னும் கொஞ்சம் பொங்கல் வையி."