சுவரோடு நின்று எண்ணிய பிள்ளை

செங்கம் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டில் விமல்ராஜை விளையாட்டுப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். சவாரி இல்லாத நேரத்தில் ரோட்டோரத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோலி உருட்டுவான். ஒருமுறை வெள்ளைக்காரர் ஒருவருக்குப் பம்பரம் விடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஆரம்பித்து, அவரை ஏற்றிக்கொண்டு போக வந்ததையே மறந்துவிட்டான். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்த பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தான். சாயங்காலம் ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே மகன் இனியன் வெறுங்காலோடு ஓடி வருவான். அப்பாவும் மகனும் ஆடாத ஆட்டம் கிடையாது. மனைவி எழிலரசிதான், துணி காயப்போட்ட இடத்தில் பந்து விழுகிறது என்று திட்டிக்கொண்டே இருப்பாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஐஸ்பாய் ஆடலாம் என்று கூப்பிட்டது விமல்ராஜ்தான். வீட்டுச் சுவரில் முகத்தை வைத்துக் கண்ணை மூடி எண்ணினான். மூன்று வயது மகள் கவியாவும் அவன் பக்கத்தில் நின்று, அதேபோல நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு, தெரிந்த எண்களையெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னாள். இனியன் ஒளியப் போனான்.

முதலில் சிரித்துக்கொண்டேதான் தேடினார்கள். பிறகு, "தோத்துட்டேன்டா, வெளிய வா" என்று விமல்ராஜ் கத்தினான். பக்கத்து மனையில் பாதி கட்டிய வீடு ஒன்று இருந்தது. அதன் வாசலில் தரைக்கடியில் தண்ணீர் பிடித்து வைக்கும் சம்ப்பை, மூடி செய்யாமல் வெறும் பலகையால் மறைத்திருந்தார்கள். பலகை ஒரு பக்கமாக விலகிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது. கவியா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனியன் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எழிலரசி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கூட ஆடினது நீங்கதானே." அதற்கப்புறம் அவள் அதை ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது உண்டு.

வீட்டில் ஆட்டம் அன்றோடு நின்றது. பந்து, மட்டை, பம்பரம் எல்லாம் சாக்கில் கட்டப்பட்டு லாஃப்ட்டுக்குப் போயின. கேட்டுக்குப் பூட்டு வந்தது. கவியா வெளியே போகக் கூடாது. கையில் போனைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். இனியன் பெயரை யாரும் எடுப்பதில்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றும் கூட்டம் வந்தால் விமல்ராஜுக்கு நிம்மதி. வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு. ஆனால் கோயிலுக்குள் போனால் அவனால் கண்ணை மூடிக் கும்பிட முடியாது. மூடினால் போதும், மனசுக்குள் எண்ணிக்கை தானாக ஓட ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் கண்ணைத் திறந்துவிடுவான். பட்டப்பகலில் சிக்னலில் நிற்கும்போதும் ஆட்டோவுக்குப் பின்னால் வெறுங்கால்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பதை அவன் விட்டுவிட்டான்.

கவியா இரண்டாம் வகுப்புக்குப் போனபோது, அவளுடைய டீச்சர் ஆதிலட்சுமி விமல்ராஜைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறாள் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். விளையாட்டு பீரியடில்தான் அவள் யாரோடும் சேருவதில்லையாம். காம்பவுண்டுச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே நிற்கிறாளாம். பெல் அடிக்கிற வரைக்கும் திரும்புவதே இல்லையாம். மற்ற பிள்ளைகள் போய்க் கூப்பிட்டால், இன்னும் எண்ணி முடியவில்லை என்கிறாளாம். "எனக்கே பாக்க ஒரு மாதிரியா இருக்குங்க. அவகூட வீட்ல யாராவது விளையாடுறீங்களா?" என்று கேட்டார். விமல்ராஜ் கவியாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் புளியமரத்து நிழலில் ஆட்டோவை ஓரம் கட்டினான். பின் சீட்டில் கவியா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் பாப்பா எண்ணிக்கிட்டே இருக்க?"

"எண்ணி முடிச்சுட்டா தேடணும் இல்லப்பா."

"தேடினா இன்னா?"

அவள் பையின் வாரைத் திருகினாள். "கிடைக்க மாட்டாங்க."

அவன் வண்டியை நேராக வீட்டுக்கு விட்டான்.

அன்றைக்கு அவன் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் கேட்டைத் திறந்துவைத்து, "பாப்பா, நீ எண்ணு. நான் ஒளிஞ்சுக்கிறேன்" என்றான். வாசற்படியில் நின்றிருந்த எழிலரசி அதைக் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கவியா சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

விமல்ராஜ் தெருவில் நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் போய்க் குந்தினான். கால் வெளியே தெரிகிற மாதிரிதான் குந்தியிருந்தான். குழந்தையின் குரல் எண்ணிக்கொண்டே போனது. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. அவன் அப்படியே காத்திருந்தான். அப்போது முதுகுப்பக்கம் சட்டையை யாரோ பற்றுவது தெரிந்தது. அம்மாவிடம் அகப்படாமல் இரண்டு பேரும் சேர்ந்து ஒளியும்போது இனியன் அப்படித்தான் பற்றிக்கொள்வான். கழுத்தில் சின்ன மூச்சு பட்டது. சிரிப்பை அடக்குகிறவனுடைய மூச்சு. அவன் திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்களோ என்று பயந்தான். இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தான்.

திரும்பாமலே கூப்பிட்டான். "பாப்பா, எண்ணினது போதும். நான் இங்கதான் இருக்கேன். வந்து பாரு."

எண்ணுவது நின்றது. பிறகு ரப்பர் செருப்பு மெதுவாக மண்ணில் உரசி வந்தது. கவியா ஆட்டோவைச் சுற்றிவந்து அவன் எதிரில் நின்றாள். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கிடைச்சுட்ட," என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது பின்னால் யாரும் இல்லை. முதுகில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டான்.

மறுநாளும் அவள்தான் கூப்பிட்டாள். தினமும் ஒரே இடத்தில் ஒளியச் சொல்வாள். கொஞ்ச நாள் போனதும் வேறு இடத்தில் ஒளியச் சொன்னாள். பள்ளிக்கூடத்துச் சுவரை விட்டுத் திரும்பினாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். சண்டை போட்டாள், கள்ள ஆட்டம் ஆடினாள், முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாதவள் சோறு கேட்டு வாங்கித் தின்றாள். விமல்ராஜ் ஒன்று மட்டும் செய்தான். அந்தப் பகுதியில் எங்கே வீடு எழும்பினாலும் போய்ச் சம்ப்பைப் பார்ப்பான். மூடி இல்லாவிட்டால் மேஸ்திரியைப் போடவைக்காமல் நகரமாட்டான். கொத்தனார்கள் அவனை மூடிக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். அவன் கோபித்துக்கொள்வதில்லை.

எழிலரசி பல வாரம் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் கவியா அப்பாவைக் கண்டுபிடித்து இரண்டு பேரும் திரும்பியபோது, கதவு திறந்து கிடந்தது, ஆட்டத்திலேயே இல்லாத அவளைக் காணோம். பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று விமல்ராஜுக்குத் தெரியவில்லை.

"உங்களை அன்னைக்கு அப்படிச் சொன்னேன்," என்றாள். "அவன்கூட ஆட நீங்களாவது இருந்தீங்க. நான் ஒருநாள்கூட ஆடலீங்க. வேலை, வேலைன்னே இருந்துட்டேன்."

அவன் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். அம்மாவைக் கண்டுபிடித்தது தான்தான் என்று கவியா இரண்டு பேரையும் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

இப்போது தெருப் பிள்ளைகளெல்லாம் அவர்கள் வாசலில்தான் கூடுகிறார்கள். அவர்கள் கும்பலாக ஓடும்போது, ஒரு ஜோடிக் கால் ஜாஸ்தியாக ஓடுவதுபோல விமல்ராஜுக்கு இன்னும் கேட்கிறது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சத்தத்துக்கு அவன் இப்போது பயப்படுவதும் இல்லை.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணன் ஆட்டத்தில் ஏமாற்றுவானா என்று கவியா கேட்டாள். விமல்ராஜின் கை தட்டிலேயே நின்றது. எழிலரசி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "பயங்கரமா ஏமாத்துவான்," என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.